ஒரு வண்டிக்கு ஒரு டஜன்

கார்பன் வரியைத் திருப்பித் தரும் பணம் ஜனவரி நடுவில் வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததும் ஒரெஸ்ட் ஹவ்ரிலுக் என்பவருக்குக் கோபம் வந்துவிட்டது. பணம் வராததற்குக் கோபப்படுகிறவர்கள் ஸ்டாவ்னி ஊரில் நிறையப் பேர் உண்டு. வந்ததற்குக் கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

"வாங்கினதையே திருப்பிக் குடுக்குறதுக்கு எதுக்குய்யா வாங்கணும்?" என்று, பனித்தரையில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங் அரங்கின் காபி மேசையில் கேட்டார். "என் சட்டைப் பையில இருந்து எடுத்து என் பேன்ட் பையில போடுறான். நடுவுல ஒட்டாவாவுல ஒருத்தனுக்குச் சம்பளம். இதுல எந்தப் புகை குறைஞ்சிடும்?"

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலானோர் நிலத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்ட விவசாயிகள். சஸ்காட்சவானில் குளிர்காலத்தில் அவர்களுக்குக் காபியைத் தவிர வேறு வேலை கிடையாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி. அவர்களுடைய பிக்அப் வண்டிகள் வாசலில் வரிசையாக, ஆளில்லாமல், எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றன. காபி முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை ஓடும். எஞ்சின் உறையாமலிருக்க மின்சாரத்தில் சொருகும் வயர் ஒவ்வொரு வண்டியின் மூக்கிலிருந்தும் தொங்கியது. அரங்கின் சுவரில் அதற்கான ப்ளக்குகளும் இருந்தன. ஒரு காபிக்காக யார் குனிந்து சொருகுவது?

ஒரெஸ்ட்டுக்குப் பதில் சொன்னவர் வால்டர், ஒரெஸ்ட்டின் மனைவி நெட்டியின் தம்பி. உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர் இன்னும் விடவில்லை. எரிபொருள் எரித்த அளவுக்கு வரி, திரும்பி வருவது எல்லாருக்கும் ஒரே அளவு, ஆகவே குறைவாக எரித்தவன் கையில் மிச்சம் நிற்கும் என்று மேசைமேல் சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கி விளக்கினார்.

"மச்சான், சர்க்கரையை எடுத்த இடத்துல வை," என்றார் ஒரெஸ்ட். "அந்த சன்னல் வழியாப் பாரு. வரி வந்து வருஷக்கணக்காச்சு. ஒரு வண்டியாவது நின்னுருக்கா?"

வால்டர் பார்த்தார். பன்னிரண்டு வண்டிகள், பன்னிரண்டும் புகைந்துகொண்டிருந்தன.

"அது வரி ஒறைக்கலைன்னு அர்த்தம் அத்தான். ஒறைக்கிற மாதிரி நாமளே ஒண்ணு போட்டுப் பாப்போமா?"

இப்படித்தான் ஸ்டாவ்னி ஊருக்குத் தனியாக ஒரு கார்பன் வரி வந்தது. காசாக வேண்டாம், காசென்றால் எல்லாரும் பொய் சொல்வார்கள் என்று உணவக மேடைக்குப் பின்னாலிருந்து வெர்னா சொன்னார். அரங்கின் பனியைப் போடுவது, காபி போடுவது, சாவி வைத்திருப்பது எல்லாம் அவர்தான். அங்கே அவர் சொல்வதுதான் சட்டம். காசுக்குப் பதிலாகப் பெரோகி என்று தீர்மானமானது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து ஓரத்தை விரலால் அழுத்தி மூடி வேகவைத்துத் தின்னும் அந்த மாவுப் பிறைகள் ஊரில் எல்லார் வீட்டு உறைபெட்டியிலும் இருந்தன. நல்லது எது, மட்டம் எது என்று எல்லாருக்கும் தெரியும். தினமும் காலை பத்து மணிக்கு வெர்னா சன்னல் வழியாகப் பார்ப்பார். ஓடுகிற வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு வண்டிக்கு ஒரு டஜன் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை, வந்த பெரோகி மொத்தமும், வண்டியை ஓடவிட்டவர் நிறுத்தியவர் என்ற பேதமில்லாமல், மேசைக்காரர்கள் அனைவருக்கும் சமமாகப் பங்கு. பாக்கி வைத்தவர் பனியில் கால் வைக்கக் கூடாது. இது சந்தா கட்டாதவர்களுக்கு ஏற்கெனவே இருந்த விதி.

"பந்தயம் என்ன?" என்று கேட்டவர் எல்டன், மேசையிலேயே பெரிய டீசல் வண்டிக்காரர்.

வால்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஸ்கிப்," என்றார்.

கர்லிங்கில் நான்கு பேர் ஓர் அணி. அணித்தலைவரான ஸ்கிப் பனியின் மறுகோடியில் துடைப்பத்தை நீட்டிக்கொண்டு நின்று, கல் எங்கே போக வேண்டும் என்று கத்துவார். மற்றவர்கள் அதன்படி கல்லை விட்டு, கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரெஸ்ட் இருபது ஆண்டுகளாக ஸ்கிப். வால்டர் அதே அணியில் இருபது ஆண்டுகளாகத் தேய்க்கிறார், கருத்துச் சொல்லிக்கொண்டே. பிப்ரவரியில் நடக்கும் கர்லிங் போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆறு வண்டியோ அதற்கு மேலோ ஓடிக்கொண்டிருந்தால் ஒரெஸ்ட்டே ஸ்கிப். ஆறுக்குக் கீழே போனால் வால்டர்.

நிலம் மகளிடமும் மருமகனிடமும் போன பிறகு, எதை விதைப்பது என்று ஒரெஸ்ட்டை யாரும் கேட்பதில்லை. வீட்டில் எதைச் சமைப்பது என்றும் கேட்பதில்லை. அவர் சொன்னபடி மூன்று பேர் ஓடுகிற ஒரே இடம் அந்தப் பனிதான். ஆனாலும் அவர் கவலையில்லாமல் கைகொடுத்தார். இந்த ஊர்க்காரர்களை அவருக்குத் தெரியும். செத்தாலும் எஞ்சினை நிறுத்த மாட்டார்கள்.

முதல் வாரம் அவர் கணக்குச் சரியாகவே இருந்தது. கிறிஸ்துமஸுக்குச் செய்து மிஞ்சிய பெரோகி எல்லார் வீட்டிலும் கிடந்தது. பத்து மணிக்குப் பன்னிரண்டு வண்டியும் ஓடின. தினமும் பன்னிரண்டு பைகள் வந்தன. சனிக்கிழமை அத்தனை பைகளும் திரும்பிப் போயின. தன் மனைவி செய்ததைக் கொடுத்துவிட்டு அடுத்தவர் மனைவி செய்ததை வாங்கிப் போனதில் சிலருக்கு மகிழ்ச்சிகூட. ஒரெஸ்ட் ஒவ்வொருவரிடமும் போய், எப்படியும் சனிக்கிழமை திரும்பி வந்துவிடும், எதற்கு வீணாக நிறுத்த வேண்டும் என்று தோளில் தட்டிச் சொன்னார்.

விலை குறைவு, அதுதான் காரணம் என்றார் வால்டர். இரண்டு டஜனாக்கக் கேட்டார். தாராளமாக ஆக்கு என்றார் ஒரெஸ்ட்.

அங்கேதான் தப்பு நடந்தது. இரண்டாம் வாரத்தில் உறைபெட்டிகள் காலியாயின. வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு நடந்ததை மறுநாள் காபி மேசையில் முகங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரெஸ்ட் வீட்டில் அது இப்படி நடந்தது.

"நெட்டி, நாளைக்கு ரெண்டு டஜன் வேணும்."

"வண்டி ஓடுறது உங்க இஷ்டம்," என்றார் நெட்டி, குறுக்கெழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மாவு பிசையறதும் உங்க கை."

"சனிக்கிழமை திரும்பி வரும்ல."

"யாருது வரும்? எல்டன் பொண்டாட்டி செஞ்சது வரும். அவ கிழங்குல உப்பே போட மாட்டா. என்னுதைக் குடுத்துட்டு அதைத் திங்கணுமா?"

வாசலில் ஓடிய வண்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஆட்கள் முனகிக்கொண்டே குனிந்து வயரைச் சுவரில் சொருகினார்கள். எல்டன் விலக்குக் கேட்டார்: டீசல் எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது, அது வண்டியின் பிறவிக் குறை, அதற்கு வரி போடுவது பாவம். தபால்காரர் கிளிஃபர்டும் கேட்டார்: தபால் நாட்டின் சேவை. இருவருக்கும் கட்டாயம் விலக்கு வேண்டும் என்று ஒரெஸ்ட் உருகி வாதாடினார். விலக்குக் கொடுத்தால் அப்புறம் எனக்குக் காபி போடத் தெரியாது என்றார் வெர்னா. வாதம் முடிந்தது. மறுநாள் அந்த இரண்டு வண்டிகளும் வாசலில் இல்லை. இருவரும் உள்ளே உட்கார்ந்து, நடப்பது உடம்புக்கு நல்லது என்ற பொருளில் ஏதோ சொன்னார்கள்.

கர்லிங் எண்ணிக்கைப் பலகையில் வெர்னா தினமும் ஒரு தகர எண் மாட்டுவார். பன்னிரண்டு ஒன்பதாயிற்று, ஒன்பது ஐந்தாயிற்று. ஒரு வியாழக்கிழமை வெறும் ஒன்று தொங்கியது. அது ஒரெஸ்ட்டின் வண்டி.

வால்டர் ஸ்கிப்பின் துடைப்பத்தைக் கையில் எடுத்து, நீளம் சரியா என்று பார்த்துவிட்டு வைத்தார். ஒரெஸ்ட் அதைப் பார்த்தார்.

எண்ணப்போவது வண்டிகளைத்தான், ஆட்களை அல்ல. இது அவருக்கு வெள்ளி காலை பல் துலக்கும்போது உதித்தது. அடுத்த வாரம் திங்களன்று அவருடைய பிக்அப்புக்குப் பக்கத்தில் பழைய தானிய லாரியும் நின்று ஓடியது. செவ்வாயன்று, தீவனம் ஏற்ற வேண்டும் என்று மருமகனிடம் கேட்டு வாங்கிய டிராக்டர். புதனன்று, காலமான தகப்பனார் கொட்டகையில் விட்டுப்போன துருப்பிடித்த வண்டி. அது நீல நிறத்தில் புகைந்தது. வியாழனன்று பனித்தள்ளியும், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய புல்வெட்டும் வண்டியும் வந்தன. நான்கடிப் பனிக்கு நடுவில் புல்வெட்டும் வண்டி தட்தட்டென்று குதித்துக்கொண்டு நிற்பதை ஊரே வந்து பார்த்தது.

"இது எப்படிக் கணக்குல வரும்?" என்றார் வால்டர்.

வெர்னா சன்னல் வழியாக வெகுநேரம் பார்த்தார். "எஞ்சின் இருக்கு, புகை வருது, ஒக்காரச் சீட்டும் இருக்கு. வண்டிதான். ஒரெஸ்ட் அண்ணே, ஆறு வண்டிக்குப் பன்னெண்டு டஜன்."

வீடு மூன்று தெரு தள்ளி. விடிவதற்கு முன்பே எழுந்து ஒவ்வொரு வண்டியாக ஓட்டிவந்து விட்டுவிட்டு, நடந்து திரும்பி அடுத்ததை எடுத்துவர வேண்டும். இடையிடையே மாவு. ஒரெஸ்ட்டுக்கு அறுபத்தெட்டு வயது. கோதுமை விளைவித்திருக்கிறாரே தவிர மாவைத் தொட்டதில்லை. அவர் தேய்த்த மாவு ஓரிடத்தில் கண்ணாடியாகவும் ஓரிடத்தில் செருப்பாகவும் இருந்தது. ஓரங்கள் வாயைப் பிளந்தன. நெட்டி ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டபடி, நாடகம் பார்ப்பவர்போல எதிரே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமைப் பங்கு வந்தது. மேசையில் இருந்த பெரோகியில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரெஸ்ட் செய்தது. அவற்றைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு வெர்னா எடுத்துக் கொடுக்க, அவர் கையில் ஒரு பை வந்தது. வாரம் முழுக்க மூட்டை மூட்டையாகக் கொடுத்தவருக்கு ஒரு பை. வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அதே ஒரு பை. சர்க்கரைப் பொட்டலங்கள் நினைவுக்கு வர, வால்டர் பக்கம் பார்க்காமலிருக்க அவர் பெருமுயற்சி எடுத்தார்.

நன்றியாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

"யோவ் ஒரெஸ்ட்டு," என்றார் எல்டன், "போன தடவை உன்னுதை வேக வெச்சோம். பானையில தண்ணிதான் இருந்துச்சு. என் பொண்டாட்டி சூப்புன்னு சொல்லி ஊத்திட்டா. வர்ற வாரமாவது கொஞ்சம் கெட்டியா வரி கட்டு."

தீர்ப்பு வெள்ளி வந்தது. ஆறு வண்டியும் ஏழரைக்கே வாசலில் வந்துவிட்டன. டிராக்டரின் சத்தத்தில் அரங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. ஒரெஸ்ட் வீட்டுக்குத் திரும்பி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓரம் அழுத்த உட்கார்ந்தார். மறுநாள் போட்டி. இன்றைய வரியும் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கிப் பட்டம் இருக்கும், பனியில் நிற்கக் கால் இருக்காது.

நான்காவது டஜனில் வலது கட்டைவிரல் நின்றுவிட்டது. வலிக்கவில்லை, நின்றுவிட்டது. மடங்கிய இடத்திலேயே, வெளியே வர மறுத்த நத்தைபோல உட்கார்ந்துகொண்டது. இடது கையால் முயன்றார். பெரோகி தரையில் போய் உட்கார்ந்தது. வெந்நீரில் விட்டார், உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், கடைசியில் முள்கரண்டியால் ஓரத்தைக் குத்தினார். கிழங்கு எல்லாப் பக்கமும் எட்டிப் பார்த்தது.

"நெட்டி," என்றார்.

"இல்லைங்க," என்றார் நெட்டி.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரெஸ்ட் அரங்கின் வாசலில் நின்றார். கையில் நான்கு டஜன். இரண்டு வண்டிக்குத்தான் ஆகும். ஆறு ஓடினால் ஸ்கிப், ஆனால் கடன்காரன். கடன்காரன் பனியில் நிற்க முடியாது. பனியில் நிற்காத ஸ்கிப்பை ஒருவரும் ஸ்கிப் என்று கூப்பிட மாட்டார்கள். அவர் முதலில் டிராக்டரை நிறுத்தினார். பிறகு தகப்பனாரின் வண்டி. கட்டைவிரல் நிமிராததால் சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. லாரி, பனித்தள்ளி, புல்வெட்டி. பிக்அப்புக்கு வரி கட்டலாம், ஆனால் எதற்கு என்று தோன்ற, அதையும் நிறுத்தினார்.

அந்த வாசலில் அப்படியொரு அமைதி குளிர்காலத்தில் எப்போதும் வந்ததில்லை. அமைதியில் அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. மெதுவான, திருப்தியான, நன்றாகச் சாப்பிட்ட பூனையின் சத்தம்போல. அரங்கின் பின்பக்கமிருந்து வந்தது.

ஒரெஸ்ட் சுவரைச் சுற்றிப் போனார்.

பின்பக்கம் சன்னல் கிடையாது. அங்கே மூன்று வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி, எஞ்சின் ஓட, கதகதப்பாக நின்றன. எல்டனின் டீசல். கிளிஃபர்டின் தபால் வண்டி. மூன்றாவதில் ஓட்டுநர் இருக்கையில் பழுப்பு நிற நாய் ஒன்று உட்கார்ந்து, அவரை அடையாளம் கண்டு வாலாட்டியது. அது வால்டரின் நாய்.

இந்த மூன்றோடு முன்னால் இன்னும் மூன்று ஓடினால் ஆறு. ஓடினார். அந்த ஓட்டத்தைப் பனியில் அவரிடம் யாரும் பார்த்ததில்லை. முன்வாசலுக்கு வந்து பிக்அப்பைக் கிளப்பினார். அது சூடு ஆறாததால் கிளம்பியது. டிராக்டர் ஒருமுறை இருமிவிட்டுப் படுத்தது. லாரி இருமவும் இல்லை. புல்வெட்டியின் கயிற்றை இழுத்தபோது கயிறு மட்டும் கையோடு வந்தது. இதற்குள் வெர்னா காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார், பின்னால் மேசை முழுவதும்.

"பின்னாடி பாரு வெர்னா. பின்னாடி போய்ப் பாத்துட்டு எண்ணு," என்றார் ஒரெஸ்ட், மூச்சு வாங்க.

வெர்னா சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பின்னால் மூன்று, முன்னால் ஒன்று. நான்கு.

"ஆறுக்குக் கம்மிதான்," என்றார். "வால்டர் ஜெயிச்சாச்சு." பிறகு வால்டரைப் பார்த்த பார்வையில், ஜெயித்தவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அது வண்டி ஓடுறதில்லை," என்றார் வால்டர். "நாய்க்குக் குளிரும்ல."

"எத்தனை நாளா நாய்க்குக் குளிருது மச்சான்?"

வால்டர் எல்டனைப் பார்த்தார். எல்டன் கிளிஃபர்டைப் பார்த்தார். அரசாங்க ஊழியரானதால் பொய் சொல்ல வராமல், இரண்டாவது வாரத்திலிருந்து என்று கிளிஃபர்ட் ஒப்புக்கொண்டார்.

ஸ்கிப் பட்டத்தை இழந்த மனிதர் சோர்ந்து போயிருக்க வேண்டும். ஒரெஸ்ட் நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தில், விளைச்சலை அடித்துப்போன ஆலங்கட்டி மழைக்குக் காப்பீட்டுப் பணம் முழுதாகக் கிடைத்தவரின் ஒளி இருந்தது. ஊரிலேயே வரியை எதிர்த்தவர் அவர். ஊரிலேயே வரியை ஒழுங்காகக் கட்டியவரும் அவர் ஒருவர்தான் என்று இப்போது தெரிந்தது. வரி பாக்கி வசூலாகாமல் மூன்று பேரில் ஒருவரையும் பனியில் விடக் கூடாது என்றார். பின்பக்கத்தில் ஒரு சன்னல் வைக்க வேண்டும் என்றார். வைக்கும்வரை தினமும் தானே போய் வண்டிகளின் எஞ்சின் மூடி சூடாயிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தயார் என்றார். வெர்னா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அன்று பிற்பகல் நெட்டியின் சமையலறையில் புதிய ஸ்கிப் மாவு பிசைந்தார். அவர் மனைவியும் அக்கா நெட்டியும், செய்து தர முடியாது என்று ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். மாவு மட்டும் நெட்டி கொடுத்தார். ஒரெஸ்ட் எதிரே உட்கார்ந்து, மடங்கிய கட்டைவிரலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெரோகியையும் சோதித்தார்.

"இது வாயைத் தொறந்திருக்கு. சேத்துக்க மாட்டேன்."

"உங்களுது ஒண்ணாவது மூடியிருந்துச்சா அத்தான்?"

"அது சோதனைக்காரன் வர்றதுக்கு முன்னாடி."

வால்டர் அழுத்தினார். நெற்றியில் மாவு. "இப்பவாவது ஒத்துக்குங்க. பன்னெண்டு ஓடின எடத்துல நாலு. நாங்க ஒளிச்சதையும் சேத்துதான் நாலு. வரி போட்டா புகை குறையும்."

"வரி எங்கடா குறைச்சுது? என் கட்டைவிரல் குறைச்சுது."

"அதுக்குப் பேர்தான் அத்தான் வரி."

"அப்ப சுவத்துல சொருகுன கரண்டு? அதுக்கு எங்க நிலக்கரி எரியுதுன்னு பாத்தியா? வெர்னாவுக்கு பில்லு வரட்டும், பேசலாம்."

இதற்கு வால்டரிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. சொல்லத் தொடங்கிய இடத்தில் தொலைபேசி மணி அடித்தது. வெர்னா. நாளைய பட்டியலை எழுத வேண்டும், வால்டர் பாக்கியைக் கட்டியாயிற்றா என்று கேட்டார். கட்டவில்லையென்றால் பழையபடி நீங்களே ஸ்கிப் அண்ணே, எனக்கு ஒரு வார்த்தை போதும்.

ஒரெஸ்ட் தொலைபேசியைக் காதில் வைத்தபடி மேசையைப் பார்த்தார். தட்டுகளில் பெரோகி அடுக்கடுக்காக இருந்தது. கடைசி ஒரு டஜன் மட்டும் பாக்கி. அதில் பாதி வால்டரின் கையில் உருவாகிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்யும் ஆகாது. வால்டருக்கும் அது புரிந்திருந்தது. அவர் அழுத்துவதை நிறுத்தவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஆனால் அவரது வலது கட்டைவிரல் மடங்கிய இடத்திலிருந்து வெளியே வர மறுத்துக்கொண்டிருப்பதை ஒரெஸ்ட் கண்டார். இந்த உலகத்தில் அந்த விரலைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்த மேசையில் இரண்டே பேர்தான்.

"கட்டிட்டான்," என்றார் தொலைபேசியில். "எல்டன் இன்னும் கட்டலை. அவனைப் பனியில விடாதே."

வைத்துவிட்டு உட்கார்ந்தார். சும்மாயிருந்த இடது கையால் ஒரு மாவு வட்டத்தை எடுத்து, கிழங்கை வைத்து, மெதுவாக ஓரத்தைச் சேர்த்தார். எப்படியோ மூடிக்கொண்டது.

"நாளைக்கு மொதக் கல்லைக் கொஞ்சம் மெதுவா விடச் சொல்லு மச்சான், பனி வேகமா இருக்கும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, வேணாம். நீயே பாத்துச் சொல்லு," என்றார்.